அறிவியல் புனைவு, மிகுபுனைவு (ஃபேன்டசி) வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கும் சேர்த்தே இந்த அறிக்கையை எழுதியிருக்கிறேன். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால், அதற்குரியவரிடம் தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. 1982இல் வந்த 'பிளேடு ரன்னர்' படத்தைத் திரையிட்டு விவாதித்தோம். புத்தகப் பரிமாற்ற நாள் நல்லபடியாக முடிந்தது. அலமாரியின் பூட்டு மாற்றப்பட்டது.

இனி, இந்த ஆண்டின் முக்கியப் பணி என்று நான் கருதும் 'புதிய வாசகர் பட்டியல்', அதாவது புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் எந்த நூலைக் கொடுப்பது என்று நான் தொகுத்த பட்டியல் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். அது தரத்தைத் தாழ்த்துகிறது என்று வட்டத்துக்குள் உலவும் பேச்சு என் காதுக்கும் வந்திருக்கிறது. ஆகவே அது எப்படி உருவானது என்பதைப் பதிவு செய்துவிடுவது நல்லது.

ஆண்டுதோறும் புதியவர்கள் வருகிறார்கள், சேர்கிறார்கள், காணாமல் போகிறார்கள். நேரமின்மை, வேலைப்பளு என்று நாம் காரணம் சொல்லிக்கொள்வது வழக்கம். இந்த முறை கடன் பதிவேட்டை எடுத்து, ஒரே ஒரு புத்தகம் வாங்கிச் சென்று, அதைத் திருப்பிக் கொடுத்ததோடு நின்றுவிட்டவர்கள் யார் யார், அவர்கள் கொண்டுபோனது என்ன என்று பார்த்தேன். பெரும்பாலும் தடித்த தொடர்களின் முதல் பாகங்கள். பரிந்துரைத்தவர் பெயர் என்ற கட்டத்தில் பெரும்பாலும் மூத்த உறுப்பினர்களின் கையெழுத்து. அந்த வரிசையில் திரும்பி வந்த, ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'ட்யூன்' நாவல் பிரதி ஒன்றைப் பிரித்தேன். ஐம்பதாம் பக்கத்தை எட்டுவதற்கு முன்பே அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது. அந்த நாவலின் கடைசியில், கதைக்குள் வரும் புதுச் சொற்களுக்கு ஓர் அகராதியே உண்டு. அந்தத் தாள்கள் விரல் படாமல் மொடமொடவென்று இருந்தன. இப்படி ஓர் அகராதி இருக்கிறது என்று கொடுத்தவர் சொல்லவே இல்லை போலிருக்கிறது.

'ட்யூன்' மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. 1965இல் வெளிவந்தது, நாவலுக்கான முதல் நெபுலா விருதை வென்றது, மறு ஆண்டு ஹ்யூகோ விருதையும் இன்னொரு நாவலோடு பகிர்ந்துகொண்டது. சிறந்த நூல்தான். ஆனால் சிறந்த நூல் வேறு, முதல் நூல் வேறு. நீச்சல் கற்க வந்தவரை அருவியின் உச்சிக்கு அழைத்துப் போய் அதன் அழகை விவரிக்கும் வேலையைத்தான் நாம் இத்தனை ஆண்டுகளாகச் செய்துவந்திருக்கிறோம்.

வரிசைப் பைத்தியம் இன்னொரு கேடு. 'தி ஹாபிட்' படித்து மகிழ்ந்த ஒரு கல்லூரி மாணவர், அதுபோல் இன்னொன்று கேட்டு வந்தார். நம் மூத்த உறுப்பினர் ஒருவர், கதை நடக்கும் கால வரிசைப்படி அதுதான் முன்னால் வருகிறது என்று சொல்லி 'தி சில்மரிலியன்' நூலைக் கையில் கொடுத்தனுப்பினார். டோல்கீனின் 'தி ஹாபிட்' 1937இல் வந்த சிறுவர் கதை. 'தி சில்மரிலியன்' அவர் 1973இல் மறைந்த பிறகு அவருடைய மகன் கிறிஸ்டோபர் கையெழுத்துப் பிரதிகளிலிருந்து தொகுத்து 1977இல் வெளியிட்டது. உலகம் படைக்கப்பட்ட கதையில் தொடங்கி, வம்சங்களும் சாபங்களுமாக ஒரு புராணத்தின் நடையில் போவது. அவர் எழுதி, மூன்று பாகங்களாக 1954, 55ஆம் ஆண்டுகளில் வந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நூலில் ஆழ்ந்துபோனவர்களுக்கு அது பொக்கிஷம். அந்த மாணவருக்கு? புத்தகம் திரும்பி வந்தது, அவர் வரவில்லை.

சி.எஸ். லூயிஸின் நார்னியா தொடரிலும் இதே சிக்கல். ஏழு நூல்களில் முதலில், 1950இல், வந்தது சிங்கமும் சூனியக்காரியும் அலமாரியும் வரும் நூல். அந்த உலகம் எப்படித் தோன்றியது என்று சொல்லும் நூலை லூயிஸ் ஆறாவதாக, 1955இல் வெளியிட்டார். பிற்காலப் பதிப்புகள் சில அதற்கு முதல் எண் போட்டுவிட்டன. துணி அலமாரிக்குள் கை விட்ட சிறுமியின் விரலில் பனி படும்போது நமக்கு வரும் திகைப்பு, அந்த உலகத்தின் பிறப்புக் கதையை முன்பே படித்துவிட்டவருக்கு வராது. ஆகவே வெளியான வரிசையில் படிப்பதே சரி என்பது என் முடிவு. இதை எதிர்த்து ஒரு மாதக் கூட்டம் முழுவதும் வாதம் நடந்தது. அன்றைய நிகழ்ச்சி நிரலில் சந்தா நிலுவை என்ற பொருள் இருந்ததையும், நேரமின்மையால் அது ஒத்திவைக்கப்பட்டதையும் இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது.

விருதுப் பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டால் போதுமே என்று சிலர் சொன்னார்கள். விருது யார் கொடுப்பது என்று தெரியாமல் பட்டியலால் பயனில்லை. 1953இல் தொடங்கிய ஹ்யூகோ, உலக அறிவியல் புனைவு மாநாட்டின் உறுப்பினர்கள், அதாவது வாசகர்கள், வாக்களித்துத் தருவது. நெபுலா, அறிவியல் புனைவு, மிகுபுனைவு எழுத்தாளர் சங்கத்தின் உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பது. பிரிட்டனில் வெளியாகும் நாவல்களுக்கான ஆர்தர் சி. கிளார்க் விருதை நடுவர் குழு முடிவு செய்கிறது. அதை 1987இல் முதலில் பெற்றது மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்'. ஒரே ஆண்டில் மூன்றும் மூன்று திசையில் போவதுண்டு. போதாக்குறைக்கு, விருது பெற்றது தொடரின் எத்தனையாவது பாகம் என்று பட்டியல் சொல்லாது. என்.கே. ஜெமிசின் 2016, 2017, 2018 என்று மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்து ஹ்யூகோ பெற்றார். மூன்றும் ஒரே கதையின் மூன்று பாகங்கள். பட்டியலை நம்பி 2017இன் நூலை எடுத்துப்போன ஒருவர், யார் யாருக்கு என்ன உறவு என்றே புரியவில்லை என்றார். எப்படிப் புரியும்? அவர் நடுப்பாகத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

என் பட்டியலுக்கு விதிகள் அதிகமில்லை. தனியாக முடிகிற நூலாக இருக்க வேண்டும், மெல்லியதாக இருந்தால் நல்லது. வருகிறவரிடம் உங்களுக்கு விஞ்ஞானக் கதை பிடிக்குமா என்று கேட்கக் கூடாது. கடைசியாக விடாமல் படித்து முடித்த புத்தகம் எது என்று கேட்க வேண்டும். மீதி தானாக வரும். துப்பறியும் கதை வாசகர் என்றால் ஐசக் அசிமோவின் 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்': மனிதத் துப்பறிவாளரும் ரோபோ கூட்டாளியும் சேர்ந்து ஒரு கொலையைத் துலக்குவது, 1954. இதே அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' கேட்டு வருகிறார்கள். அது 1942 முதல் பத்திரிகையில் தனித்தனிக் கதைகளாக வந்து பிறகு நூலானது. பெரும்பகுதி அறைக்குள் உட்கார்ந்து பேசுவது. விண்கலப் போரை எதிர்பார்த்தவருக்கு ஏமாற்றமே. சரித்திர நாவல் பிரியர்களுக்கு ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரெட்', 1979. 1976ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் வாழும் கறுப்பினப் பெண் ஒருத்தி, காரணம் தெரியாமல் அடிமை முறை நிலவிய பத்தொன்பதாம் நூற்றாண்டு மேரிலாந்துக்கு இழுக்கப்படுகிறாள். எந்த இயந்திரமும் இல்லை, எந்த விளக்கமும் இல்லை. கேட்கவும் தோன்றாது.

மந்திர உலகம் வேண்டும், ஆனால் ஆயிரம் பக்கம் வேண்டாம் என்பவர்களுக்கு உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ'. தொடரின் முதல் நூல்தான், ஆனாலும் தனக்குள் முழுமையாக முடிந்துவிடுகிறது. செருக்கில் ஒரு நிழலை அவிழ்த்துவிட்ட பையன், முதலில் அதற்கு அஞ்சி ஓடுகிறான், பிறகு அதைத் துரத்துகிறான். அவ்வளவுதான் கதை. சூசன்னா கிளார்க்கின் பெரிய நாவலைப் பார்த்து மலைப்பவர்களிடம் 2020இல் அவர் எழுதிய சிறிய நாவலான 'பிரானேசி'யைக் கொடுக்கிறேன். முடிவில்லாத மண்டபங்கள், சிலைகள், கீழ்த்தளங்களில் கடல். இலக்கியம் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அதை வாங்கிப் போய், மறு வாரமே வந்து, இதுபோல் இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார். அவர் இப்போது கட்டணம் செலுத்திய உறுப்பினர்.

சிரிக்க விரும்புகிறவர்களுக்கு டெர்ரி பிராட்செட். அவருடைய டிஸ்க்வேர்ல்டு நாவல்கள் 41. எண்ணைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். முதலிலிருந்து தொடங்க வேண்டியதும் இல்லை. 1983இல் வந்த முதல் நூல் பழைய மிகுபுனைவுகளைக் கிண்டல் செய்வது. கிண்டலுக்கு இலக்கானவற்றைப் படிக்காதவருக்குப் பாதி நகைச்சுவை போய்விடும். 'ஸ்மால் காட்ஸ்' தனித்து நிற்பது. பக்தர்கள் குறைந்துபோனதால் ஆமையாகச் சுருங்கிவிட்ட ஒரு கடவுளின் கதை. அதைக் கொடுங்கள்.

சிறுகதைக்கு நம் வட்டத்தில் மரியாதை இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். ஹ்யூகோ விதிகளே 7,500 சொற்களுக்குக் குறைந்தது சிறுகதை என்றும், 40,000 சொற்கள் தொட்டால் நாவல் என்றும், இடையில் இரண்டு பிரிவுகள் வைத்தும் விருது தருகின்றன. நல்ல சரக்கில் பெரும்பகுதி அந்த இடைப்பிரிவுகளில்தான் கிடக்கிறது. 'அரைவல்' படம் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கெல்லாம் அதன் மூலமான டெட் சியாங்கின் 1998ஆம் ஆண்டுக் குறுநாவலான 'ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்'பைக் கொடுத்தேன். ஓர் இரவில் முடிந்துவிடும். பழமைதான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்கும் மெல்லிய நூல் உண்டு: எச்.ஜி. வெல்ஸின் 'தி டைம் மெஷின்', 1895. இன்றும் தூசி படியவில்லை.

தமிழில் மட்டும் படிப்பவர்களை நாம் வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம் என்ற குற்றச்சாட்டிலும் நியாயம் இருக்கிறது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' படித்தவர்கள் ஜீனோ என்ற இயந்திர நாயை மறந்திருக்க மாட்டார்கள். அவர்கள் புதியவர்களே அல்லர். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள். அதைச் சொல்லித்தான் அவர்களை அலமாரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

பட்டியல் தரத்தைத் தாழ்த்துகிறது என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் ஆட்சேபம் தெரிவித்தார்கள். லெ குவினும் பட்லரும் எந்தத் தரத்தைத் தாழ்த்துகிறார்கள் என்று கேட்டேன், பதில் வரவில்லை. இது பற்றி விவாதிக்கவே செயற்குழு கூட்டப்பட்டது. ஆட்சேபித்தவர்கள் வராததால் கோரம் (கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச வருகை) சேரவில்லை. மறுபடி கூட்டினோம், மறுபடியும் சேரவில்லை. ஆகவே பட்டியல் எதிர்ப்பின்றி நடைமுறையில் இருக்கிறது. அதன்படி புத்தகம் எடுத்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது புத்தகத்துக்கு வந்தார்கள். பதிவேடு திறந்தே இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

வரவு செலவு: வரவு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு, செலவு சற்று அதிகம். முன்னிருப்பு கைகொடுத்தது. புத்தகக் கொள்முதல், பூட்டு, நகலெடுப்பு, இதரச் செலவு ஆகியவற்றின் விவரம் பொருளாளரிடம் உள்ளது. நகலெடுப்பில் கூடுதலாகத் தெரியும் தொகை பட்டியலுக்கானது, வேறொன்றும் இல்லை.

சந்தா நிலுவை பற்றிப் பெயர் சொல்லக் கூடாது என்று தலைவர் கேட்டுக்கொண்டார். சொல்லவில்லை. ஆனால் நார்னியாவை எந்த வரிசையில் படிப்பது என்று உரத்துப் பேசியவர்களின் பட்டியலும் நிலுவைப் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது தற்செயலாக இருக்கலாம். இன்னொன்றும் உண்டு. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நூலின் முதல் பாகமும் மூன்றாம் பாகமும் அலமாரியில் இருக்கின்றன. 'தி டூ டவர்ஸ்' இல்லை. கடன் பதிவேட்டிலும் அதற்குக் கையெழுத்து இல்லை. முதல் பாகத்தை முடித்துவிட்டு, தோழர்கள் பிரிந்துபோன இடத்தில் பலர் காத்திருக்கிறார்கள். கொண்டுபோனவர் இதற்குள் நிச்சயம் படித்து முடித்திருப்பார்.

கூட்ட அரங்கைத் தந்துதவியவர்களுக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், கணக்கைத் தணிக்கை செய்தவருக்கும், நூல்களை நன்கொடையாக அளித்தவர்களுக்கும் நன்றி. வட்டத்தின் வளர்ச்சிக்கு ஒத்துழைத்த அனைத்து உறுப்பினர்களுக்கும் வழக்கம்போல் நன்றி.

அடுத்த ஆண்டு. இந்தப் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் சாவியை இன்றே ஒப்படைக்கத் தயார் என்று சென்ற பொதுக்குழுவிலும் சொன்னேன், அதற்கு முந்தியதிலும் சொன்னேன். இப்போதும் அதையே சொல்கிறேன். முன்வருபவர் பட்டியலைக் கைவிட்டாலும் ஆட்சேபமில்லை. கைவிடும் முன் பதிவேட்டை ஒரு முறை புரட்டிப் பார்த்தால் போதும். யாரும் வராவிட்டால், பட்டியலின் இரண்டாம் பதிப்பு வேலையைத் தொடங்குவேன். அதற்கு ஒவ்வொருவரும் ஒரு நூலைப் பரிந்துரைக்கலாம். அது தனியாக முடிகிற நூலாக இருக்க வேண்டும், பரிந்துரைப்பவர் அதைக் கடைசிப் பக்கம்வரை படித்திருக்க வேண்டும். சந்தா பாக்கி உள்ளவர்களின் பரிந்துரையும் மகிழ்ச்சியோடு ஏற்கப்படும். பரிந்துரைப் படிவங்கள் வாசலுக்கு அருகே மேசையில் இருக்கின்றன. ரசீதுப் புத்தகமும் அதே மேசையில்தான் இருக்கிறது. பொருளாளர் கூட்டம் முடிந்த பிறகும் அங்கே இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்