ஜப்பானியச் சிறு முதலீட்டுச் சண்டைப் படங்கள் குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், குறைந்த செலவில் எடுக்கப்படும் ஜப்பானியச் சண்டைப் படங்களைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். வெட்டுண்ட கைக்குப் பதிலாக இயந்திரத் துப்பாக்கியைப் பொருத்திக்கொள்ளும் பள்ளி மாணவி, குழாய் உடைந்தாற்போல் பீய்ச்சியடிக்கும் ரத்தம், ரப்பர் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும் உடற்பாகங்கள் ஆகியவற்றை எடுத்துக்காட்டி, நண்பர்கள் கூடிச் சிரிப்பதற்கு ஏற்ற படங்கள் இவை என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். முதலில் குறுந்தகட்டிலும் பின்னர் இணையத்திலுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் இப்படங்களைத் தேடிப் பார்த்து வருபவன் நான். அவர் குறை கண்ட இடத்தையும் சுவை கண்ட இடத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் ஒரு விளக்கம். கட்டுரையில் விரிவாகப் பேசப்பட்ட ‘தி மெஷின் கேர்ள்’, ‘டோக்கியோ கோர் போலீஸ்’ ஆகிய இரண்டும் 2008ஆம் ஆண்டில், அமெரிக்க விநியோக நிறுவனம் ஒன்றின் முதலீட்டோடு, வெளிநாட்டு வீடியோ சந்தையை மனத்தில் வைத்து எடுக்கப்பட்டவை. ஜப்பானியர் என்றால் இப்படித்தான் விபரீதமாகப் படமெடுப்பார்கள் என்று வெளியார் எதிர்பார்த்ததையே அளவுக்கு மீறிச் சமைத்துப் பரிமாறிய விருந்து அது. அவற்றுக்கும் ரசிகர்கள் உண்டு. நானும் ஒருமுறை சிரித்திருக்கிறேன். ஆனால் அவ்விரண்டைக் கொண்டு ஒரு பெரும் மரபையே எடைபோடுவது நியாயமாகாது.

அந்த மரபின் முக்கியமான கிளை 1989இல் தொடங்குகிறது. டோயெய் நிறுவனம் திரையரங்கை ஒதுக்கிவிட்டு, நேராக வாடகை வீடியோ கடைகளுக்கென்றே படமெடுக்கும் ‘வி-சினிமா’ என்ற வரிசையை அந்த ஆண்டில் ஆரம்பித்தது. முதல் படமான ‘கிரைம் ஹண்டர்’ ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஓடும். வீட்டில் அமர்ந்து பார்ப்பவர் ரிமோட்டை எடுத்து வேகமாக ஓட்டிவிடத் தோன்றாத படமாக இருக்க வேண்டும் என்பதே அதைத் தயாரித்தவர்களின் நோக்கம். நட்சத்திரமோ பெரிய அரங்கமோ அமைக்கப் பணமில்லாத நிலையில், கதையில் வெட்டியாக ஒரு நிமிடமும் இருக்கக் கூடாது என்பதை விதியாக்கிக்கொண்டார்கள். இயக்குநர் தகாஷி மீகே இந்த வீடியோ சந்தையில்தான் தொழில் பழகி, ஆண்டுக்குச் சில படங்கள் என்ற வேகத்தில் எடுத்துத் தள்ளினார். 1999இல் வந்த அவருடைய ‘டெட் ஆர் அலைவ்’ படத்தின் இறுதிச் சண்டையில், அதுவரை ஓரளவு நம்பும்படி நடந்துகொண்டிருந்த ஒரு போலீஸ்காரர் முதுகுக்குப் பின்னாலிருந்து ஏவுகணைக் குழல் ஒன்றை உருவி எடுப்பார். எதிரியோ தன் நெஞ்சிலிருந்து ஒளிரும் பந்து ஒன்றைப் பிடுங்கி எறிவார். அதற்குப் பிறகு பூமிக்கு நேர்வதை நான் சொல்லப்போவதில்லை. யாருடைய அனுமதிக்கும் காத்திராத துணிச்சல் அது. பெரும் முதலீட்டுப் படத்தில் அந்த முடிவைக் கணக்குப்பிள்ளையே தடுத்திருப்பார்.

குறைகள் இல்லையா என்றால், நிறைய உண்டு. ஆனால் போலி ரத்தம் அவற்றுள் சேராது. வேகமாக ஓட்டத் தோன்றக் கூடாது என்று தொடங்கிய வரிசையின் வழித்தோன்றல்களில் பல, ரிமோட் இல்லாமல் பார்க்கவே முடியாதவையாக ஆகிவிட்டன. யகுசா எனப்படும் ஜப்பானியக் குற்றக் கும்பல்களின் தலைவர்கள் ஓர் அறைக்குள் எதிரெதிரே அமர்ந்து, அசையாத கேமராவின் முன் மானத்தையும் துரோகத்தையும் பற்றிப் பத்து நிமிடம் பேசுவார்கள். பேச்சை எடுப்பது மலிவு, சண்டையை எடுப்பது செலவு என்ற கணக்கு அங்கே அப்பட்டமாகத் தெரியும். அதைவிட மோசமானது, பெண்ணைத் துன்புறுத்தும் காட்சியைக் கதைக்குத் தேவையில்லாத இடத்திலும் விற்பனைச் சரக்காகத் திணிப்பது. பணமில்லை என்பது இதற்குச் சாக்காக முடியாது. கட்டுரையாளர் ரப்பர் கையைப் பார்த்துச் சிரித்த நேரத்தில் இதைக் கண்டித்திருக்கலாம்.

துப்பாக்கிச் சண்டைகள் பொம்மைத்தனமாக இருப்பதாக அவர் எழுதியது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் உண்டு. துப்பாக்கியையும் வாளையும் கட்டுப்படுத்தும் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஜப்பானில் மிகக் கடுமையானது. உண்மைத் துப்பாக்கியைப் படப்பிடிப்புக்குக்கூடக் கொண்டுவர இயலாது. மாதிரித் துப்பாக்கியைப் பிடித்து நடித்துவிட்டு, நெருப்பைப் பிறகு கணினியில் ஒட்டுகிறார்கள். கணினி வேலைக்கும் காசில்லையென்றால் விளைவு நாம் பார்ப்பதுதான். ஆகவே இப்படங்கள் தேறும் இடம் கைகலப்பிலும் வாள்வீச்சிலும்தான். பெருநகரத் தெருவை மறித்துப் படமெடுப்பது எளிதன்று என்பதால் காடு, கல்குவாரி, கைவிடப்பட்ட தொழிற்சாலை என்று ஒதுங்குகிறார்கள். ரியூஹே கிதமுராவின் ‘வெர்சஸ்’ (2000) ஏறக்குறைய முழுவதும் ஒரே காட்டுக்குள் நடப்பது. இரண்டு மணி நேரம் அதற்கு அதிகம்தான். அரை மணி நேரத்தைத் தயங்காமல் வெட்டியிருக்கலாம். ஆனால் அதில் நாயகனாக அறிமுகமான தாக் சகாகுச்சியின் உடல் மரங்களுக்கிடையே திரும்பி வளையும் விதத்தைப் பார்த்தவர்கள் காட்டின் சலிப்பை மன்னித்துவிடுவார்கள்.

அதே சகாகுச்சியும், அப்படத்தின் சண்டை அமைப்பாளர் யூஜி ஷிமோமுராவும் சேர்ந்த ‘கிரேசி சாமுராய் முசாஷி’ 2020இல் வெளிவந்தது. எழுபத்தேழு நிமிடச் சண்டை, ஒரே ஷாட். வெட்டுப்பட்டு விழுந்தவரே சற்று நேரம் கழித்து மறுபடியும் ஓடி வருகிறார். வாள் பல இடங்களில் உடலைத் தொடவேயில்லை. அரை மணி நேரத்துக்குப் பின் கண் சோர்ந்துவிடுகிறது. எனினும் ஒரு கட்டத்தில் நாம் கதையை மறந்து, எதிரே நிற்கும் மனிதரின் மூச்சை எண்ணத் தொடங்குகிறோம். ஆங்காங்கே மறைத்து வைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் மீண்டும் வாளைத் தூக்கும்போது அது நடிப்பா, உண்மைக் களைப்பா என்று பிரித்தறிய முடிவதில்லை. ஆரம்ப நிமிடங்களிலேயே அவருடைய விரல் முறிந்துவிட்டதாகப் படக்குழுவினர் கூறியிருக்கிறார்கள். நல்ல படம் என்று இதை நான் சொல்ல மாட்டேன், ஆனால் என்னால் மறக்க முடியாத படம்.

நல்ல படம் வேண்டுவோர் ‘பேபி அசாசின்ஸ்’ (2021) பார்க்கலாம். பள்ளிப் படிப்பை முடித்த இரண்டு பெண்கள். இருவரும் கூலிக்குக் கொலை செய்பவர்கள். மேலிடத்து உத்தரவுப்படி ஒரே வீட்டில் தங்கி, ஊருக்குச் சாதாரணமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பகுதிநேர வேலை தேடுகிறார்கள். நேர்முகத் தேர்வில் தோற்பதும் துணி துவைக்க யார் முறை என்பதும்தான் பெரும்பாலான கதை. இங்கும் பேச்சு மலிவானதால்தான் அதிகம்; ஆனால் எழுதியவருக்கு எழுதத் தெரிந்திருக்கிறது. இருவரில் ஒருவராக நடித்த சாஒரி இசாவா தொழில்முறைச் சண்டைக் கலைஞர் என்பதால், கேமரா அவருடைய முகத்தை மறைக்க வேண்டிய அவசியமில்லை. தன்னைவிடப் பெரிய ஆணோடு குறுகிய இடத்தில் அவர் மோதும் இறுதிக் காட்சியை அமைத்தவர் கென்சுகே சோனோமுரா.

இன்னும் பின்னோக்கிப் போனால், நிக்காட்சு நிறுவனம் ஒரே சீட்டுக்கு இரண்டு படங்களாகக் காட்டிய இரட்டைக் காட்சிகளுக்காகச் சிக்கனமாகவும் விரைவாகவும் படமெடுத்த செய்ஜுன் சுசுகி இருக்கிறார். அவருடைய ‘பிராண்டட் டு கில்’ (1967) படத்தின் கொலைகாரன், வெந்துகொண்டிருக்கும் சோற்றின் மணத்தில் கிறங்குபவன். துப்பாக்கிக் குறியில் ஒரு பட்டாம்பூச்சி வந்து அமர்ந்ததால் இலக்கைத் தவறவிடுபவன். புரியாத படமெடுக்கிறார் என்று நிறுவனம் அவரை 1968இல் வேலையைவிட்டு நீக்கியது. அவர் நீதிமன்றம் போனார். வழக்கு சமரசத்தில் முடிந்தும், ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவருக்குத் திரைப்படம் கிடைக்கவில்லை.

சோறு என்றதும் நினைவுக்கு வருகிறது: ‘எ சாமுராய் இன் டைம்’ படத்தை இயக்கிய ஜுன்இச்சி யாசுதா ஒரு நெல் விவசாயி. சுமார் 2 கோடியே 60 லட்சம் யென், அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபாயில், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு உள்ளிட்ட வேலைகளைத் தாமே செய்து முடித்த அப்படம், 2024 ஆகஸ்டில் டோக்கியோவில் ஒரே திரையரங்கில் வெளியாகி, 2025இல் ஜப்பான் அகாடமியின் சிறந்த பட விருதைப் பெற்றது. காலம் தாண்டி வந்துவிட்ட ஒரு சாமுராய், படப்பிடிப்புத் தளத்தில் வெட்டுப்பட்டு விழும் துணை நடிகராகப் பிழைப்பதே கதை. அந்த வேலைக்கு அங்கே ‘கிராரேயாகு’, அதாவது வெட்டுப்படுபவர், என்றொரு தனிப் பெயரே உண்டு. முதுகை வில்லாக வளைத்து விழுவதில் பெயர்பெற்று, ஐம்பதாயிரம் முறை வெட்டுப்பட்டவர் என்று அழைக்கப்பட்ட செய்ஸோ ஃபுகுமோதோ, 2014இல் தம் எழுபதாம் வயதை ஒட்டித்தான் முதன்முறையாகக் கதாநாயகனானார்.

தங்கள் கட்டுரையில் இயக்குநர்களின் பெயர்கள் இருந்தன, நடிகைகளின் படங்கள் இருந்தன; சண்டை அமைத்தவர் பெயரோ அடிபட்டு விழுந்தவர் பெயரோ ஒன்றுகூட இல்லை. அடுத்த முறை இப்பொருள் குறித்து எழுதும்போது அப்பெயர்களையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி.