தரவரிசைப் பட்டியலில் வயதும் லீக்கும் இடம்பெறட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. ஆண்டுதோறும் நடத்தும், அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டுக்கு முன்பாக, கல்லூரி வீரர்களையும் வெளிநாட்டு லீக்குகளில் ஆடும் இளைஞர்களையும் ஒன்று முதல் முப்பது வரை வரிசைப்படுத்தும் பட்டியல் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவருவது கூடைப்பந்தை விரும்பிப் பார்க்கும் எங்களுக்கு மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அப்பட்டியலில் வீரரின் பெயர், உயரம், ஓர் ஆட்டத்துக்கு எடுத்த சராசரிப் புள்ளிகள் ஆகியவை மட்டுமே இருக்கின்றன. அந்தப் புள்ளிகளை அவர் எந்த லீக்கில், எந்த வயதில், யாரை எதிர்த்து ஆடி எடுத்தார் என்பது இல்லை. இந்த விவரம் இல்லாத வரிசை எண் வாசகரைத் தவறான முடிவுக்கே கொண்டுபோகும் என்று நான் உறுதியாக நம்புவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2018ஆம் ஆண்டு டிராஃப்ட்டைப் பாருங்கள். ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர் ட்ரே யங் ஆட்டத்துக்கு 27.4 புள்ளிகளும் 8.7 அசிஸ்ட்களும் (சக வீரர் கூடை போட வழிசெய்த பாஸ்கள்) எடுத்து, இரண்டிலுமே அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதலிடத்தைப் பிடித்திருந்தார். டியூக் பல்கலைக்கழகத்தின் மார்வின் பாக்லி 21 புள்ளிகளும், அரிசோனா பல்கலைக்கழகத்தின் டியாண்ட்ரே ஏய்ட்டன் 20 புள்ளிகளும் எடுத்திருந்தனர். அதே பருவத்தில் ரியல் மாட்ரிட் அணிக்காக யூரோலீக்கில் ஆடிய ஸ்லோவேனிய இளைஞர் லூகா டோன்சிச்சின் சராசரி 16 புள்ளிகள்தான். புள்ளிகளை மட்டும் அடுக்கினால் நால்வரில் அவர் கடைசி. ஆனால் அந்த 16 புள்ளிகளை அவர் 19 வயதில், ஐரோப்பாவின் மிக உயர்ந்த லீக்கில், தொழிலாகவே கூடைப்பந்து ஆடிவரும் முப்பது வயதுக்காரர்களை எதிர்த்து எடுத்தார். அந்தப் பருவத்தின் யூரோலீக் கோப்பையை மாட்ரிட் வென்றது. பருவத்தின் சிறந்த வீரர் விருதும் இறுதிக் கட்டத்தின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தன. அதற்கு முந்தைய ஆண்டு ஸ்லோவேனியா ஐரோப்பிய சாம்பியன் ஆனபோதும் அவர் அணியில் இருந்தார். மாவட்ட லீக்கில் அடித்த சதத்தையும் ரஞ்சிக் கோப்பையில் எடுத்த அறுபது ரன்களையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க நம் கிரிக்கெட் ரசிகர் எவரும் ஒப்ப மாட்டார். கூடைப்பந்தில் மட்டும் ஏன் ஒப்புகிறோம்?

ஃபீனிக்ஸ் அணி ஏய்ட்டனையும், சாக்ரமெண்டோ அணி பாக்லியையும் முதல் இரண்டு இடங்களில் எடுத்தன. மூன்றாவதாக டோன்சிச்சைத் தேர்ந்தெடுத்த அட்லாண்டா, ட்ரே யங்கையும், பின்வரும் ஒரு டிராஃப்ட்டின் முதல் சுற்றில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் பெற்றுக்கொண்டு அவரை டல்லாஸுக்குக் கொடுத்துவிட்டது. அடுத்த ஆண்டு சிறந்த புதுமுக வீரர் விருது டோன்சிச்சுக்குக் கிடைத்தது. அதற்கடுத்த ஆண்டே லீக்கின் சிறந்த ஐவரில் ஒருவரானார். ட்ரே யங்கும் நல்ல வீரராகத் தேறினார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அவருடைய கல்லூரிக் கணக்கு பொய்யில்லை. ஆனால் அது வேறு ஆட்டத்தின் கணக்கு. அப்போது கல்லூரி ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடு கூடையிலிருந்து 6.32 மீட்டரில் இருந்தது, யூரோலீக்கில் 6.75 மீட்டரில், என்.பி.ஏ.வில் 7.24 மீட்டரில். பந்தைக் கையில் வைத்திருக்கக் கல்லூரி அணிக்கு 30 விநாடி கிடைக்கிறது, யூரோலீக்கிலும் என்.பி.ஏ.விலும் 24 விநாடிதான். கல்லூரிக் கோடு 2019-20 பருவத்தில் 6.75 மீட்டருக்கு நகர்த்தப்பட்டுவிட்டது என்பதால், அதற்கு முந்தைய ஆண்டுகளின் எறிவு விகிதத்தை இன்றைய வீரரோடு ஒப்பிடும்போதும் கவனம் தேவை.

இதைப் படித்துவிட்டு, வெளிநாட்டு வீரர்களையெல்லாம் மேலே ஏற்றச் சொல்கிறேன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 2003இல் டெட்ராய்ட் அணி இரண்டாம் இடத்தில் செர்பிய இளைஞர் டார்கோ மிலிச்சிச்சை எடுத்தது. டிராஃப்ட் நடந்தபோது அவருக்கு 18 வயது நிரம்பிச் சில நாள்களே ஆகியிருந்தன. பெரியவர்களோடு ஆடிய ஆட்டங்களைவிடத் தனிப்பயிற்சியில் காட்டிய வித்தைகளே அதிகம் பேசப்பட்டன. முதலாண்டு மாணவராகவே சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்குத் தேசியப் பட்டம் வாங்கித்தந்த கார்மெலோ ஆண்டனி அவருக்கு அடுத்ததாகத்தான் தேர்வானார். கிறிஸ் போஷும் டுவேன் வேடும் அதற்கும் பின்னால். கண்ணெதிரே கிடந்த கல்லூரிச் சான்றை ஒதுக்கிவிட்டு, பார்க்கக் கிடைக்காத ஒன்றின் மீது நம்பிக்கை வைத்ததன் விளைவு அது.

லீக்கின் தரத்தை மட்டும் பார்த்தாலும் போதாது என்பதற்கு 2013ஆம் ஆண்டு சாட்சி. அந்த ஆண்டு 15ஆம் இடத்தில் மில்வாக்கி எடுத்த யானிஸ் அன்டெட்டோகும்போ, கிரீஸ் நாட்டின் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த 18 வயதுப் பையன். அந்த லீக்கில் அவர் எத்தனை புள்ளி எடுத்திருந்தாலும் அதை வைத்து எதையும் முடிவுசெய்திருக்க முடியாது. நீண்ட கைகள், அந்த உயரத்திலும் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் லாகவம், இன்னும் வளரக்கூடிய வயது ஆகியவற்றைத்தான் மில்வாக்கி எடைபோட்டது. அவர் 2019, 2020 ஆகிய இரு ஆண்டுகளிலும் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரரானார், 2021இல் கோப்பையும் வென்றார். அதே டிராஃப்ட்டில் முதலாவதாகத் தேர்வான அந்தோணி பென்னட் சில ஆண்டுகளிலேயே லீக்கை விட்டு வெளியேற நேர்ந்தது. 2014இல் 41ஆம் இடம்வரை காத்திருந்த நிகோலா யோகிச் மிக மதிப்புமிக்க வீரர் விருதை மூன்று முறை பெற்றிருக்கிறார். 2019 முதல் 2025 வரை அவ்விருது பெற்ற அனைவரும் அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர்கள். அவர்களில் ஜோயல் எம்பீடும் ஷே கில்ஜியஸ்-அலெக்ஸாண்டரும் அமெரிக்கக் கல்லூரிகளின் வழியாக வந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வயதைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பட்டியல் தயாரிப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுவே. 19 வயதுக்காரரும் 22 வயதுக்காரரும் கல்லூரியில் ஒரே அளவு புள்ளி எடுத்தால், இளையவருக்கு வளர இடமிருக்கிறது என்று கொள்வது நியாயமே. ஆனால் அந்த நியாயத்தை அளவுக்கு மீறி நீட்டியதால்தான் வர்ஜீனியா பல்கலைக்கழகத்திலிருந்து 23 வயதில் வந்த மால்கம் பிராக்டன் 2016இல் 36ஆம் இடம்வரை சரிந்தார். அடுத்த ஆண்டு சிறந்த புதுமுக வீரர் விருது அவருக்கே கிடைத்தது. வில்லனோவா பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு ஆடி இரண்டு தேசியப் பட்டம் வென்ற அணிகளில் இடம்பெற்ற ஜேலன் பிரன்சன், நான் மேலே சொன்ன அதே 2018இல் 33ஆம் இடத்தில்தான் தேர்வானார். இவர்களுக்கு இது வெறும் மரியாதைப் பிரச்சினையும் அல்ல. முதல் முப்பது இடங்களைக் கொண்ட முதல் சுற்றில் தேர்வானவருக்கு ஒப்பந்தமும் சம்பளமும் விதிப்படி உறுதி. இரண்டாம் சுற்றில் அந்த உறுதி கிடையாது. 2015இல் பஞ்சாபைச் சேர்ந்த சத்னாம் சிங் 52ஆம் இடத்தில் டல்லாஸ் அணிக்குத் தேர்வானபோது, என்.பி.ஏ. டிராஃப்ட்டில் தேர்வான முதல் இந்தியர் என்று நாடே கொண்டாடியது. அந்த இடத்துக்கு ஒப்பந்த உறுதி ஏதும் இல்லை என்பதை அன்றே விளக்கியிருந்தால், அவர் ஓர் என்.பி.ஏ. ஆட்டத்தில்கூட இறங்காமல் போனது அவருடைய குறையாகப் பலருக்குத் தோன்றியிருக்காது.

இன்னொன்று, ஒரே வரிசை எண் எல்லா ஆண்டும் ஒரே பொருள் தருவதில்லை. 2023இலும் 2024இலும் முதலாவதாகத் தேர்வானவர்கள் பிரெஞ்சு லீக்கிலிருந்து வந்த பிரெஞ்சு இளைஞர்கள். முதலாமவரான விக்டர் வெம்பன்யாமா அந்த லீக்கிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்துச் சிறந்த வீரர் விருதையும் பெற்றவர். அவர் முதலிடம் என்பதில் இரு கருத்து இருக்கவில்லை. இரண்டாமவரான சக்காரி ரிசாஷே ஆட்டத்துக்குச் சுமார் 10 புள்ளிகள் எடுத்தவர்; முதலிடம் அவருக்கா, மற்றொரு பிரெஞ்சு இளைஞர் அலெக்ஸ் சாருக்கா என்ற விவாதம் கடைசிவரை ஓயவில்லை. வெம்பன்யாமா, ரிசாஷே இருவருக்கும் நாம் இட்ட எண் ஒன்றுதான். எனவே வீரர்களைப் படிநிலைகளாகப் பிரித்துத் தருவதே நேர்மையான முறை என்பது என் கருத்து. ஒரே படியில் நிற்கும் நால்வரில் பட்டியலின் மூன்றாம் இடம் யாருக்கு, ஆறாம் இடம் யாருக்கு என்று துல்லியம் காட்டுவதைவிட, அந்தப் படிக்கும் அடுத்த படிக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்று சொல்வதே வாசகருக்குப் பயன்படும்.

கல்லூரி, வெளிநாடு என்று இரண்டாகப் பிரிப்பதும் இனி எளிதாக இராது. 2021 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் கொண்டு பணம் ஈட்ட அனுமதி கிடைத்த பிறகு, ஐரோப்பிய இளைஞர்கள் பலர் அமெரிக்கக் கல்லூரிகளுக்கே போகிறார்கள். 2025இல் எட்டாம் இடத்தில் தேர்வான யெகோர் தியோமின் ரியல் மாட்ரிட்டிலிருந்தும், இருபதாம் இடத்தில் தேர்வான காஸ்பராஸ் யாகுச்சியோனிஸ் பார்சிலோனாவிலிருந்தும் கல்லூரிக்குப் போய், ஒரே பருவம் ஆடிவிட்டு டிராஃப்ட்டுக்கு வந்தவர்கள்.

ஆகவே, அடுத்த டிராஃப்ட்டுக்கு முன் வெளியிடும் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வீரரின் வயது, அவர் ஆடிய லீக், ஆட்டத்துக்கு ஆடிய நிமிடங்கள், ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகத் தரப்படும் எறிவு) விகிதம் ஆகியவற்றையும், அவரை அந்தப் படியில் வைத்ததற்கான காரணத்தை ஓரிரு வரிகளிலும் சேர்க்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஃப்ரீ த்ரோ விகிதத்தைக் கேட்பதற்குக் காரணம், அந்தக் கோட்டின் தொலைவு எல்லா லீக்கிலும் ஏறத்தாழ ஒன்றே என்பதும், தடுக்க ஆளில்லாத அந்த எறிவு வீரரின் கைப்பழக்கத்தை நேராகக் காட்டுகிறது என்பதும்தான். இடம் போதாது என்றால் முப்பது பெயர்களைப் பதினைந்தாகக் குறைத்துக்கொள்ளலாம். அதனால் வாசகருக்கு இழப்பு எதுவுமில்லை. முடிந்தால் ஐந்து ஆண்டுகளுக்கு முன் வெளியான பட்டியலையும் அதன் பக்கத்திலேயே மீண்டும் அச்சிட்டு, அதிலிருந்தவர்கள் இன்று எந்த அணியில் எப்படி ஆடுகிறார்கள் என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்