ரயில் பெட்டியில் ஏறினால் எல்லாரையும் கேளுங்கள்: ஷெங்கன் நாடுகளின் உள்துறை அமைச்சர்களுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைச்சர்களுக்கு,

வணக்கம். தங்களுக்கிடையேயான எல்லைகளில் சோதனை வேண்டாம் என்று ஒப்புக்கொண்ட உங்கள் ஷெங்கன் நாடுகளுக்கிடையே ரயிலில் அடிக்கடி போய்வரும் ஈழத் தமிழர்களில் ஒருத்தியாக இதை எழுதுகிறேன். எங்கள் சொந்தபந்தம் பாரிஸிலும் டோர்ட்முண்டிலும் சூரிச்சிலுமாகச் சிதறிக் கிடக்கிறது. கலியாணம், செத்தவீடு, கோயில் திருவிழா என்று ஆண்டு முழுக்க யாராவது எல்லை தாண்டிக்கொண்டுதான் இருக்கிறோம். சோதனையே வேண்டாம் என்று கேட்க வரவில்லை. யாரைச் சோதிப்பது என்பதை உங்கள் அதிகாரிகள் எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள் என்பதே என் கேள்வி.

எந்த நாட்டவராயினும் இந்த நாடுகளுக்கிடையேயான உள் எல்லையை எந்த இடத்திலும் சோதனையின்றிக் கடக்கலாம் என்கிறது ஷெங்கன் எல்லைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு. ஆனால் 'தற்காலிகம்' என்ற பெயரில் பிரான்ஸ் 2015 நவம்பரில் தொடங்கிய சோதனை ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. ஜேர்மனி 2024 செப்டம்பர் 16 முதல் தன் தரை எல்லைகள் அனைத்துக்கும் இத்தகைய சோதனையை விரித்தது. பழைய அச்சுறுத்தலையே காட்டி ஆறு மாதத்துக்கு மேல் நீட்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022 ஏப்ரலில் ஆஸ்திரியா தொடர்பான வழக்கில் தீர்ப்புச் சொன்னது. நீங்களோ 2024இல் சட்டத்தைத் திருத்திக் காலவரம்பைக் கூட்டினீர்கள்.

வீதியில் தடை போட்டால் வருகிற வாகனம் எல்லாமே வேகத்தைக் குறைக்கவேண்டும். ரயிலில் அப்படியில்லை. இரண்டு நிலையங்களுக்கு நடுவே கிடைப்பது சில நிமிடங்கள். பெட்டி நிறையச் சனம். எல்லாரையும் கேட்க நேரம் போதாது என்பதால், நடைபாதையில் வரும்போதே அதிகாரியின் கண் ஆளைத் தெரிவு செய்துவிடுகிறது. அது எந்த இருக்கையில் போய் நிற்கும் என்பது எங்களுக்கு மனப்பாடம்.

அம்மாவோடு போன ஒரு பயணத்தைச் சொல்கிறேன். எந்த நாட்டு அதிகாரிகள் என்பது இங்கே முக்கியமில்லை. இருவர் ஏறினார்கள். மடிக்கணினிக்காரர்களையும், ஆளுயரப் பயணப்பெட்டி வைத்திருந்த சுற்றுலாப் பயணிகளையும் கடந்து நேரே எங்களிடம் வந்தார்கள். முதலில் வதிவிட அட்டை. பிறகு பை. மிளகாய்த்தூள், கருவாடு, ஒரு கட்டு முருங்கைக்காய் எல்லாம் முன்னாலிருந்த மடிப்பு மேசைக்கு வந்தன. கருவாட்டுப் பொதியை ஒருவர் பிரித்து மணந்து பார்த்தார். குற்றம் எதுவும் கிடைக்கவில்லை. வேறு யாரையும் கேட்காமல் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்கள். எழுபது தாண்டிய மனுசி, எல்லாரும் பார்த்திருக்க, முருங்கைக்காயை ஒவ்வொன்றாகத் திரும்பவும் பைக்குள் வைத்தார். அதன்பிறகு அவர் சாமான் எதுவும் கொண்டு பயணம் செய்வதில்லை.

சுங்கம் பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. சுவிட்சர்லாந்து 2008 முதல் ஷெங்கனில் இருந்தாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க வலயத்துக்கு வெளியே இருக்கிறது. அங்கே பை திறந்து பார்ப்பது சட்டப்படி சரி. ஆளுக்கு ஒரு கிலோ இறைச்சி, 2025 முதல் 150 பிராங்க் பெறுமதி வரைதான் வரியில்லை என்பதெல்லாம் எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் சுங்கம் தேடுவது பொருளைத்தானே? அப்படியானால் பெரிய பயணப்பெட்டிகளை விட்டுவிட்டுக் கறுத்த முகங்களிடம் ஏன் வருகிறீர்கள்?

இது என் மனக்குறை மட்டுமல்ல. 2012இல் செக் குடியரசிலிருந்து ஜேர்மனிக்குள் நுழைந்த ரயிலில், இந்திய வம்சாவளி ஜேர்மனியரான பாசுவையும் அவர் மகளையும் பொலிசார் சோதித்தார்கள். தற்செயலாகக் கேட்டோம் என்றது ஒரு விளக்கம். அந்த ரயிலில் சிகரெட் கடத்தல் அதிகம் என்றது இன்னொன்று. பாகுபாடு காட்டப்பட்டதா என்று சுயாதீனமாக விசாரிக்கத் தவறியது உரிமை மீறலே என்று ஸ்திராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2022 ஒக்டோபரில் தீர்ப்பளித்தது. தோல் நிறம் பார்த்து ரயிலில் அடையாளம் கேட்டது சட்டவிரோதம் என்று ஜேர்மனியின் கோப்லென்ஸ் மேல் நிர்வாக நீதிமன்றமும் 2012இலேயே சொல்லிவிட்டது.

ஆகவே, ஒரு பெட்டியில் சோதனை என்றால் முதல் இருக்கையிலிருந்து கடைசி இருக்கை வரை கேட்கவேண்டும் என்று எழுத்தில் கட்டளையிடுங்கள். நேரம் போதாவிட்டால் பெட்டிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆட்களைப் பொறுக்காதீர்கள். குறிப்பிட்ட ஒருவர்மேல் சந்தேகம் இருந்தால், சோதித்த அதிகாரி, காரணம், நேரம் மூன்றையும் குறித்த சீட்டை அவர் கையில் கொடுங்கள். ஜேர்மனியின் பிரேமன் மாநிலப் பொலிஸ் சட்டம், சோதிக்கப்பட்டவர் கேட்டால் இத்தகைய சீட்டைக் கொடுக்கச் சொல்கிறது. அதை ரயிலிலும் செய்யலாம். முறையிட விரும்புபவர், சோதித்த அதே படையிடம் போய் நிற்க வேண்டியிராத ஒரு சுயாதீன அமைப்பையும் ஒவ்வொரு நாட்டிலும் காட்டுங்கள்.

உங்கள் எழுத்துமூலப் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
எல்லை ரயில்களில் பயணிக்கும் ஒரு தமிழ்ப் பெண்