மூக்கால் சோதித்த மேலாளர் அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர் எரிவாயுக் கிணற்றைக் கவனிக்கும் மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கிணற்றிலிருந்து வாயு வெளியேறுகிறது என்று மூன்று மனு கொடுத்தாயிற்று, மூன்றுக்கும் ரசீது இருக்கிறது. அதனால் கதையை முதலிலிருந்து சொல்லவில்லை. போன வாரம் உங்கள் அதிகாரி ஒருவர் வந்தார். வேலியோரம் நின்று இரண்டு தடவை மூச்சை இழுத்தார். "வாடையே இல்லையே ஐயா, கசிவெல்லாம் ஒன்றுமில்லை" என்று ஜீப்பில் ஏறிவிட்டார்.

கிணற்றில் வருகிற மீத்தேன் வாயுவுக்கு வாடை கிடையாது என்று நானா அவருக்குச் சொல்ல வேண்டும்? வீட்டு சிலிண்டரில் அடிக்கிற நாற்றம், கசிந்தால் தெரியட்டும் என்று பிறகு சேர்ப்பது. கிணற்றடியில் வாயு போவதை அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தால் புகைபோலத் தெரியும்.

காதுக்கும் தெரியும். என் ஆறு மா நிலம் உங்கள் வேலியை ஒட்டித்தான். மும்முனை மின்சாரம் ராத்திரியில் வருவதால் பம்புசெட் கொட்டகையில்தான் படுக்கை. அரை நிமிடத்துக்கு ஒரு தடவை 'புஸ்' என்று கேட்கும். முதல் நாள் பாம்பென்று டார்ச் அடித்துத் தேடினேன். பாம்பாக இருந்திருந்தால் தேவலை, விரட்டியிருக்கலாம். கொட்டகையில் டீக்கு அடுப்பு மூட்டுவதை விட்டுவிட்டேன். மடை பார்க்க வருகிறவர் பீடி பற்றவைக்க வாய்க்கால் தாண்டி நடக்கிறார்.

வெளிநாட்டில் இதே தொழிலில் இருக்கும் தம்பி மகனிடம் சத்தத்தை போனில் கேட்கவைத்தேன். வால்வைத் திறந்து மூடும் கருவியைக் கிணற்று வாயுவின் அழுத்தத்திலேயே ஓட்டுகிறார்கள் போலிருக்கிறது என்றான். ஒவ்வொரு அசைவுக்கும் கொஞ்சம் வாயு வெளியேறும். பழுதில்லையாம், அமைப்பே அப்படியாம். அழுத்தக் காற்றிலோ மின்சாரத்திலோ ஓடுகிற கருவியை வைத்தால் சத்தமும் நின்றுவிடும், வாயுவும் மிஞ்சும். அமெரிக்காவில் 1993 முதல் அரசுத் திட்டம் ஒன்றில் சேர்ந்த நிறுவனங்கள் இப்படி மாற்றி, மிஞ்சிய வாயுவை விற்றுக் காசும் பார்த்திருக்கின்றன. நான் கேட்பது அவ்வளவுதான்: அந்தக் கருவியை மாற்றுங்கள்.

வேளாண்மைத் துறைக் கூட்டத்தில் எங்களுக்குப் பாடம் நடக்கிறது. வயலில் தண்ணீர் தேங்கினால் மீத்தேன் வரும், 20 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் சூடேற்றும், அதனால் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் வையுங்கள் என்கிறார்கள். சரி, வைக்கிறேன். நான் வயலைக் காயப்போடுகிறேன், வேலிக்கு அந்தப் பக்கம் 'புஸ்'. புதிய எரிவாயுக் கிணறுகளைத் தடுக்க 2020-இல் வந்த வேளாண் மண்டலச் சட்டமும் ஏற்கெனவே ஓடுகிற கிணறுகளைத் தொடவில்லை. 2030-க்குள் மீத்தேனை 30 சதவீதம் குறைப்போம் என்று 2021-இல் கிளாஸ்கோவில் உலக நாடுகள் பல சேர்ந்தபோது நம் நாடு சேரவில்லை. நெல்லும் மாடும் உழவன் பிழைப்பு என்று காரணம் சொன்னார்கள். நியாயம்தான். உங்கள் வால்வும் எங்கள் பிழைப்புக் கணக்கிலா வருகிறது?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து அந்தக் கருவியை மாற்றுங்கள். அதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேமராவில் சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுங்கள்.

வருகிற நாளை முன்கூட்டியே சொல்லுங்கள். டீ கடையிலிருந்துதான் வாங்கிவர வேண்டும்.

இப்படிக்கு,
வேலியை ஒட்டிய வயல்காரன்