சந்தைக்குக் கூரைதான் கட்டிடம்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

நவீனத்துவக் கட்டிடக்கலை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, கான்கிரீட் சந்தைக் கட்டிடங்களை 'உயிரற்ற சாம்பல் பெட்டிகள்' என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. மனம் பொறுக்காமல் எழுதுகிறேன்.

ஸ்பெயினின் அல்ஹெசிராஸ் நகரச் சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். 1930களின் நடுவில் பொறியாளர் எதுவார்தோ தொரோஹா அமைத்த கூரை அது. ஏறக்குறைய 48 மீட்டர் அகலத்தை ஒரே குவிமாடம் மூடி நிற்கிறது. தூண்களை நெருங்கும் இடம் தவிர, அதன் தடிமன் 9 சென்டிமீட்டர்தான், ஓர் உள்ளங்கை அகலம்! விளிம்பில் எட்டுத் தூண்கள். நடுவில் ஒன்றுகூட இல்லை. அவ்வளவு பெரிய குவிமாடம் தூண்களை வெளியே தள்ளப் பார்க்கும் அல்லவா? அதற்காகத் தூண்களின் தலைகளை எஃகுக் கம்பிகளால் வளையமாகப் பிணைத்தார். கான்கிரீட் இறுகிய பிறகு அந்தக் கம்பிகளை முறுக்கி இழுக்க, குவிமாடம் மெல்ல எழும்பித் தன்னைத் தாங்கிய சாரத்தை விட்டு விலகியது. முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

நடுவில் தூண் இல்லாததன் அருமை சந்தையில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். கடைகள் இடம் மாறும். சுமையோடு ஆட்கள் குறுக்கும் நெடுக்கும் நடப்பார்கள். தரையை நாள்தோறும் கழுவிவிட வேண்டும். ஒவ்வொரு தூணும் வழியில் ஒரு முட்டு, அழுக்குச் சேர ஒரு மூலை. உச்சியிலுள்ள கண்ணாடி வழியே பகல் வெளிச்சம் இறங்கினால், சரக்கு புதியதா வாடியதா என்று வாங்குபவர் கண்ணே சொல்லிவிடும்.

கம்போடியாவின் தலைநகர் புனோம் பென்னில் 1937இல் திறக்கப்பட்ட மத்தியச் சந்தையும் காற்றோட்டத்தை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டதுதான். தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரிலுள்ள கரியாக்கூ சந்தைக்கு 1970களில் கட்டிடக்கலைஞர் பேடா அமுலி தந்தவை தலைகீழாக விரித்த குடைகள் போன்ற கான்கிரீட் கூரைகள். அவற்றில் விழும் மழைநீர் நிலத்தடித் தொட்டிக்கு இறங்கும்படி வடிவமைத்தார். பெட்டிக்கு இந்த யோசனை வருமா?

கான்கிரீட் ஒழுகும், உள்ளே கம்பி துருப்பிடிக்கும், பூச்சு பெயரும். மறுக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் பராமரிக்காமல் விட்டுவிட்டு, பழியைக் கட்டிடத்தின் தலையில் போடுவது அநியாயம். இத்தகைய சந்தைகளை இடித்த இடத்தில் எழும் அடுக்குமாடி வளாகங்களில் பகலிலும் விளக்கெரிய வேண்டியிருக்கிறது; மாடியில் கடை கிடைத்தவர்கள் வாடிக்கையாளருக்குக் காத்துக்கிடக்கிறார்கள்.

இனி ஒரு சந்தையைப் பற்றி எழுதும்போது, முகப்புப் படத்தோடு, கட்டிடத்தை நடுவே வெட்டி உள்ளே பார்ப்பதுபோல் காட்டும் குறுக்குவெட்டு வரைபடத்தையும் தயவுசெய்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்