ஏலப் பாக்கி

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

இவ்விடம் நானும் அம்மாவும் கர்த்தருடைய கிருபையால் சுகம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனில், "சபைக் கமிட்டியில் என்னைப் பொருளாளராப் போட்டுட்டாங்கப்பா" என்று சொன்னதும் அம்மா உடனே ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டாள். நான்தான் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டேன். உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். சந்தோஷம் இல்லாமல் இல்லை ஐயா. பெங்களூருக்குப் போய்ப் பத்து வருஷத்தில் அங்குள்ள தமிழ்ச் சபை உன்னை நம்பிப் பெட்டிச் சாவியைக் கொடுத்திருக்கிறது. ஆனால் நம் ஊர்ச் சபையில் அப்படியொரு சாவியைப் பதினொரு வருஷம் இடுப்பில் வைத்திருந்தவன் நான். போனில் சொல்ல வராதது கொஞ்சம் இருக்கிறது.

கணக்கு எழுதுவதை நான் உனக்குச் சொல்லித் தர வேண்டாம். ஒன்றே ஒன்று. காணிக்கையைத் தனியாக எண்ணாதே, ஐந்து ரூபாயாக இருந்தாலும். ஆராதனை முடிந்ததும் கோவிலை ஒட்டின வெஸ்ட்ரி அறையிலேயே இன்னொருவரோடு உட்கார்ந்து எண்ணி, புத்தகத்தில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைப் பவுலே தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. தீத்துவையும் சபைகள் நம்பின சகோதரரையும் சேர்த்துத்தான் அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மட்டும் யோக்கியமாக இருந்தால் போதாது, மனுஷர் கண்ணுக்கும் அப்படித் தெரிய வேண்டும் என்று கொரிந்தியருக்குக் காரணமும் எழுதியிருக்கிறார்.

சரி, இதெல்லாம் சுலபம். பணத்தை எடுக்கிறவன் நீ இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் பயப்படுவது முகதாட்சணியத்துக்கு. கோவிலில் பொய் திருடன் மாதிரி வராது ஐயா. மாமா மாதிரி வரும், சித்தப்பா மாதிரி வரும். நம்மைத் தூக்கி வளர்த்தவர்கள் மாதிரி வந்து, தோளில் கை போட்டு, "விடுப்பா, சபைக்குள்ளேதானே" என்று சொல்லும்.

நம் ஊர் ஸ்தோத்திரப் பண்டிகை உனக்கு ஞாபகம் இருக்கும். முதல் காய்த்த முருங்கைக்காய், வாழைக்குலை, நெல், கோழி, ஆட்டுக்குட்டி என்று எல்லாரும் படைத்ததைக் கோவில் வாசலில் ஏலம் விடுவார்கள். ஒரு முட்டை ஐந்நூறு ரூபாய்க்குப் போகும். கொடுக்கிற மனசு இருக்கிறவர்கள் அப்படித்தான் எடுப்பார்கள், அதில் தப்பே இல்லை. அன்றைக்கே காசு கட்டுகிறவர்களும் உண்டு, "எழுதிக்கோங்க, தாரேன்" என்று போகிறவர்களும் உண்டு. அந்த எழுதிக்கொண்டதுதான் ஏலப் பாக்கி.

1996-ல் வருஷக் கடைசிக் கூட்டத்தில் பாக்கிப் பட்டியலை வாசிக்கச் சொன்னார்கள். அதில் ஒரு விதவைத் தாயாரின் பேர் இருந்தது. பீடி சுற்றிப் பிழைத்தவர்கள். மகனுக்குக் காய்ச்சல் தெளிந்ததற்காக ஒரு கோழி படைத்திருந்தார்கள். யாரும் சரியாகக் கேட்காததால் அதைத் தானே 85 ரூபாய்க்குக் கேட்டு எடுத்திருந்தார்கள். அதே பட்டியலில் உன் பெரிய மாமா பேரும் இருந்தது. மூன்று வருஷத்து ஏலம், 4,200 ரூபாய். கூட்டத்துக்கு முந்தின ராத்திரி மாமா வீட்டுக்கு வந்தார். மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. அம்மா போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே, "என் பேரை மட்டும் வாசிக்காதீங்க மாப்பிள்ளை, தை பிறந்ததும் தந்திருதேன்" என்றார். நமக்கு வீடு கட்டக் கடன் கொடுத்தவர் அவர். நான் தலையாட்டினேன்.

மறுநாள் மற்ற எல்லாப் பேரையும் வாசித்தேன். 85 ரூபாயை வாசித்தேன். 4,200-ஐ வாசிக்கவில்லை. அந்தத் தாயார் பெண்கள் பக்கம் தூண் ஓரம் உட்கார்ந்திருந்தார்கள். தலையைக் குனிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். குனியவில்லை. நான் தாளை மடிக்கிற வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை முந்தானையில் சில்லறை முடிந்து கொண்டுவந்து, திண்ணையில் எண்ணி வைத்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்கள்: "பட்டியல் அம்புட்டுத்தானாய்யா?"

நான் ஆமாம் என்றேன். அந்த 'ஆமாம்'தான் மகனே, நான் உன்னிடம் இத்தனை வருஷம் சொல்லாதது.

அதற்கடுத்து, அப்பமும் ரசமும் வாங்குகிற இராப்போஜன ஞாயிறு நான் பந்திக்குப் போனேன், அவர்கள் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. மற்றவர்கள் உடம்பு சரியில்லை என்று சொன்னார்கள். எனக்குக் காரணம் தெரியும். ஒரு வருஷம் அப்படியே ஓடியது. அப்புறம் ஒருநாள் சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போய், "பட்டியல் அம்புட்டு இல்லம்மா, நான் பொய் சொன்னேன்" என்றேன். அவர்கள் பீடித் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு உட்காரச் சொன்னார்கள். அந்த வருஷக் கூட்டத்தில் மாமா பேரை முதலில் வாசித்தேன். மாமா எழுந்து போய்விட்டார். பணத்தை மூன்று வருஷம் கழித்து வேறொருவர் கையில் கொடுத்தனுப்பினார். அக்கா கல்யாணத்துக்கு வரவில்லை. தாய்மாமன் நிற்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்ததைப் பார்த்து அம்மா அழுதாள். அவள் அண்ணன் அல்லவா? ஆனாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ அப்போது சின்னப் பையன், பந்தலில் ஓடிக்கொண்டிருந்தாய்.

உண்மையாக இருந்தால் நமக்குத்தான் நஷ்டம் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். அது பாதிதான். பல நேரம் நஷ்டம் வீட்டில் உள்ளவர்கள் தலையில் விழும். அக்கா பி.எட். முடித்த வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் காலியாக இருந்தது. கட்டிட நிதிக்கென்று ஒரு தொகை கேட்டார்கள், ரசீது கிடையாது. முடியாது என்றேன். அக்கா இன்றைக்கும் குறைந்த சம்பளத்தில் தனியார் பள்ளியில்தான் இருக்கிறாள். ஒருதடவை, "நீங்க உண்மையா இருந்ததுக்கு நான் விலை கொடுத்தேன்பா" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை. ஆனாலும் அந்தப் பணத்தை நான் கொடுத்திருக்க மாட்டேன். நீ ஒரு முடிவு எடுக்கும்போது மருமகளிடம் முதலிலேயே பேசிவிடு. நான் அம்மாவிடமும் அக்காவிடமும் பேசவில்லை, அது என் தப்பு.

சபைத் தேர்தல் வரும். அங்கேயும் அணி இருக்கும். "நம்மாட்கள்" என்ற சொல் வந்தால் கவனமாக இரு. இங்கே அந்தச் சொல்லுக்குச் சாதி என்றுதான் அர்த்தம், அங்கேயும் வேறாக இருக்காது. ஒரே அப்பத்தைப் பிட்டுத் தின்றுவிட்டு வெளியே வந்து யார் நம்மாட்கள் என்று எண்ணுவது எனக்கு ஏலப் பாக்கியை விடப் பெரிய பொய்யாகத் தெரிகிறது. உன் ஓட்டை யாருக்கும் முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதே.

ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் மிஷனெரி ஊழியத்துக்கென்று ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவாள். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கினபோது, நம் பணத்தில், நம் ஆட்களை, நம் நிர்வாகத்திலேயே அனுப்புவோம் என்று சொல்லித்தான் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பினார்கள். அதில் முன்னே நின்ற வெள்ளாளன்விளை அசரியா 1912-ல் அந்தத் தோர்ணக்கல்லுக்கே அத்தியட்சர், அதாவது பிஷப் ஆனார். ஆச்சிக்கு அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அரை வயிறாக இருந்த நாளிலும் அந்தப் பானையில் கை வைக்க மாட்டாள். உன் கையில் இருக்கும் பெட்டியிலும் அப்படி யாரோ ஒருத்தி போட்ட கைப்பிடி இருக்கும். ரசீதில் அது தெரியாது.

என் பழைய பாக்கி நோட்டு மரப்பெட்டியில் இருக்கிறது. 1996-ஆம் வருஷப் பக்கத்தில் மாமா பேர் மேல் நான் இழுத்த பென்சில் கோடு இன்னும் அழியவில்லை. கிறிஸ்துமஸுக்கு வரும்போது எடுத்துப் பார்.

மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. இந்த வருஷப் பண்டிகையில் நான் எடுத்த வாழைக்குலைக்கு 650 ரூபாய் நேற்றுக் கட்டிவிட்டேன். பழுத்ததும் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தது போக, உனக்கு அம்மா சிப்ஸ் போட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
அப்பா