குவேசார் ஆய்வு முடிந்தது: ஊருக்கு ஒரு நன்றி மடல்

பாலக்கோட்டுச் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஆறு வருடமாக இழுத்துக்கொண்டிருந்த முனைவர் பட்ட ஆய்வு போன வாரம் முடிந்தது. "அப்படி என்னதான்டா படிக்கிறே?" என்று டீக்கடையில் கேட்டவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

குவேசார் பார்க்க நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளி. உண்மையில் அது, எங்கோ ஒரு விண்மீன் திரளின் நடுவில் இருக்கும் பெரிய கருந்துளையில் விழப்போகும் வாயு, சுழன்று கொதித்து விடும் வெளிச்சம். 1963-ல் வானியலாளர் மார்ட்டன் ஷ்மிட் அதன் நிறமாலையை, அதாவது நிறம் நிறமாகப் பிரித்த வெளிச்சத்தைப் படித்துச் சொன்ன பிறகுதான் அதன் தூரமே பிடிபட்டது. அந்த வெளிச்சம் நம்மிடம் வரும் வழியில் ஹைட்ரஜன் மேகங்கள் அங்கங்கே கொஞ்சம் விழுங்கிவிடும். விழுங்கிய தடங்களைக் கணக்கெடுத்தால் அண்டம் எப்படி விரிந்தது என்று சொல்லலாம். என் வேலை அதுதான்.

இதற்காக நான் எந்தத் தொலைநோக்கியையும் தொடவில்லை. நியூ மெக்சிகோவில் 2.5 மீட்டர் தொலைநோக்கியை வைத்து ஸ்லோன் வான் அளவாய்வு எடுத்த தரவு, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று திறந்து கிடக்கிறது. சுமார் 7.5 லட்சம் குவேசார்கள்! எனவே முதல் நன்றி, முகம் தெரியாத அந்தப் பணியாளர்களுக்கு. பார்க்க வேண்டிய ஒவ்வொரு புள்ளிக்கும் அலுமினியத் தட்டில் ஒரு துளை. அந்தத் துளைகளில், வெளிச்சத்தைக் கடத்தும் ஒளியிழைகளை, தட்டுக்கு 1000 வரை, பகலில் உட்கார்ந்து கையாலேயே செருகியிருக்கிறார்கள். இதைப் படித்தபோது அம்மா ஞாபகம்தான் வந்தது. பழுத்த, அதாவது கூடு கட்டத் தயாரான பட்டுப்புழுவை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அது கூடு கட்டும் தட்டான சந்திரிகையில் விடும் அதே விரல் வேலை.

அம்மா, அப்பா: தருமபுரி மார்க்கெட்டில் பட்டுக்கூடு விலை விழுந்த மாதத்திலும் ஹாஸ்டல் பணம் தவறியதில்லை.

அறிவியல் சார்: எட்டாம் வகுப்பில் எங்களை வேனில் காவலூர் வான் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனீர்கள். மேகம் மூடி ஒன்றுமே தெரியவில்லை. எங்களைவிட நீங்கள்தான் அதிகம் வருத்தப்பட்டீர்கள்.

பிரவுசிங் சென்டர் அண்ணன்: ராத்திரி முழுக்க இறங்கும் கோப்பு விடியற்காலையில் பாதியில் நின்றிருக்கும். மறுபடி போட்டுவிடுவீர்கள், கூடுதல் காசு கேட்டதே இல்லை.

உதவித்தொகை தருகிறோம் என்று சொல்லிக் கடைசியில் கைவிரித்த இடத்துக்கு நன்றி சொல்ல மனசு வரவில்லை. அந்த ஏழு மாதம் தன் சாப்பாட்டைப் பங்கு போட்ட அறைத்தோழனுக்கு இரண்டு மடங்காகச் சொல்லிக்கொள்கிறேன்.

அப்புறம், பட்டமளிப்பு அன்று புழு பழுக்கும் நேரமாம், வர முடியாது என்கிறார் அம்மா. சரி, விழா முடிந்த கையோடு ராத்திரி பஸ் பிடித்து வந்துவிடுகிறேன். புழு பொறுக்க ஆள் குறையாது.